பூவரச மரத்து முசுறு

எங்கள் வீட்டோடு யாரும் பேசக்கூடாது என்று ஊர் முடிவு செய்த மறுநாளிலிருந்து நான் எறும்பு பார்க்க ஆரம்பித்தேன். வேறென்ன செய்வது? என் வாய்க்கு ஒரு நாளைக்கு நாலு பேராவது வேண்டும். பேச ஆள் இல்லாவிட்டாலும் சண்டை போடவாவது ஒரு ஆள் வேண்டும். என் வீட்டுக்காரர் தனசேகருக்குப் பேச்சே வராது. கேட்டால் ஒரு ‘ம்’, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. கொல்லையில் ஏரியைப் பார்த்து நின்ற பூவரச மரத்தடியில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஏறுகிற எறும்பையும் இறங்குகிற எறும்பையும் பதினாறு மாதம் பார்த்தேன். வளர்மதிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஊரில் சொன்னார்களாம். சொல்லட்டும். என்னோடு பேசாத வாய் என்னைப் பற்றிப் பேசினால் எனக்கென்ன வந்தது.

ஒதுக்கி வைத்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பழவேற்காட்டு ஏரியில் எவனும் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. பாடு உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் குச்சி நட்டு வலை கட்டலாம் என்று வருஷத்துக்கு ஒருமுறை, மாசியில், கோயில் வாசலில் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். கல்யாணமான ஆம்பிளை ஒவ்வொருவனுக்கும் அதில் ஒரு பேர். பேர் இருந்தால் மீன். இல்லாவிட்டால் ஏரியை வேடிக்கை பார்க்கலாம். ஒரு சீட்டு தவறினால் ஒரு வருஷம் போச்சு. அடுத்ததும் தவறினால் பேரையே அடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு மகனுக்கும் கிடையாது. எங்கள் மகன் வினோத் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் இரும்புத் தூளை மூச்சோடு இழுத்துக்கொண்டு, கல்யாணம் ஆனதும் ஏரிக்கே வந்துவிடுகிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தான்.

எங்கள் தீவு ஊரின் பாடு முடிகிற இடத்துக்கும், எதிரே இருக்கும் அக்கரை ஊரின் பாடு ஆரம்பிக்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு எல்லைக் கழி. அதை அவர்கள் நகர்த்திவிட்டார்கள் என்று இவர்கள். நகர்த்தவே இல்லை என்று அவர்கள். ஐப்பசியில் ஒருநாள் நடு ஏரியில் கைகலப்பு. எங்கள் ஊர்த் தலைவர் தருமலிங்கத்தின் தம்பி மகனுக்குக் கழியடி பட்டு ஒரு கண் போயிற்று. அதே நேரம் அக்கரைக்காரன் ஒருவன், அஜித்குமார் என்று பேர், தண்ணீரில் விழுந்து வலையில் கால் சிக்கி முங்கிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் அவன் தலைமயிரைப் பிடித்துத் தூக்கித் தோணியில் போட்டார். போட்டதோடு விட்டாரா? அவனை அக்கரையிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார்.

அதுதான் குற்றம். நம்ம பிள்ளை ரத்தத்தில் கிடக்கும்போது எதிராளியைக் கரை சேர்த்தவன் நம்ம ஊர்க்காரனே இல்லை என்று தருமலிங்கம் சொல்ல, ஊரே ஆமாம் போட்டது. அன்றோடு பேச்சு நின்றது. குழாயில் தண்ணீர் பிடிக்கக்கூடாது, ஊர்ப் படகில் ஏறக்கூடாது, சீட்டில் பேர் கிடையாது. எங்களோடு பேசினவருக்கு அபராதம். அவசியம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் பக்கத்தில் இருக்கிற கம்பத்தையோ கோழியையோ பார்த்துச் சொல்லுவார்கள். அதற்கு அபராதம் இல்லை. இந்தக் கட்டுப்பாட்டைக் கண்டுபிடித்தவன் தலையில் இடி விழ.

வீட்டுக்காரர் தனது பழைய தோணியைத் தள்ளிக்கொண்டு பழவேற்காடு போய், அங்கிருந்து பஸ் பிடித்து, பொன்னேரியில் ஒரு அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். வலை இழுத்த தோள் அது. முதல் மாதத்திலேயே கன்றிப்போனது. நான் விடியும்போதே குடங்களை எடுத்துக்கொண்டு தீவின் வடக்கு மூலையில் இருக்கும் ஊற்றுக்குப் போவேன். போக அரை மணி, ஊறி வருவதற்கு ஒரு மணி, வர அரை மணி. அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் ஆள் இருக்காது என்பது ஊருக்கெல்லாம் தெரியும். எங்கள் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் குந்தி, கையால் இறால் தடவ வரும் அக்கரைப் பெண்களுக்கும் தெரியும். அவர்கள் தலைகள் தண்ணீருக்கு மேலே வரிசையாகத் தெரியும்போதெல்லாம் காறித் துப்பிவிட்டுத்தான் போவேன். யாரால் வந்த வினை இது?

சரி, எறும்புக்கு வருகிறேன்.

பூவரசின் மேல்பாதி முசுறுக்குச் சொந்தம். சிவப்பாக, காலை ஊன்றித் தலையைத் தூக்கிப் பார்க்குமே, அதுதான். இலைகளை இழுத்து ஒட்டிக் கூடு கட்டியிருந்தன. அடிமரத்தில் கட்டெறும்பு. முழங்கால் உயரத்தில் ஒரு பழைய கயிற்றுத் தழும்பு உண்டு. அதற்கு மேலே கட்டெறும்பு போகாது, கீழே முசுறு வராது. யார் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்களோ, சும்மா சொல்லக்கூடாது, நம் ஆட்களைவிட ஒழுங்காக நடந்துகொண்டன. எப்போதாவது ஒன்றிரண்டு தாண்டும். முட்டிப் பார்த்துக்கொண்டு திரும்பிவிடும்.

ஒதுக்கி வைத்த நாலாம் மாதம், முதல் சீட்டு எங்கள் பேர் இல்லாமல் நடந்து முடிந்ததற்கு முன்னோ பின்னோ ஒரு வாரத்தில், தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பினபோது மரத்தில் முளையடித்ததுபோல நீட்டிக்கொண்டிருந்த கிளையில் ஒரு மஞ்சள் துணிப்பை தொங்கியது. உள்ளே அரிசி, துவரம்பருப்பு, ஒரு உருண்டை வெல்லம், காகிதத்தில் சுற்றிய நாலு கருவாடு. சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒரு காக்கை கூட இல்லை.

நான் அழுகிறவள் இல்லை. அன்று அழுதேன். யார் வைத்தது என்று யோசிக்கவே இல்லை. பக்கத்து வீடு என் நாத்தனார் தெய்வநாயகி வீடு, வீட்டுக்காரரின் கூடப் பிறந்த அக்கா. எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஓலைத் தட்டிதான். தம்பி பட்டினி கிடப்பதைப் பார்த்துப் பெற்ற வயிறு கேட்குமா? பெறாவிட்டாலும் தூக்கி வளர்த்தவள்தானே? ஊருக்குப் பயந்து மறைவாக வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அன்றைக்குத் தட்டியோரம் நின்று, “நல்லாயிருக்கணும் அண்ணி நீ” என்றேன். அவள் காதில் விழாதவள்போல உள்ளே போனாள். எவ்வளவு சாமர்த்தியம் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து பன்னிரண்டு நாளைக்கு ஒரு பை. ஒருமுறை கூடத் தவறவில்லை. பையைக் கழற்றிக்கொண்டு, காலிப் பையை அதே கிளையில் மாட்டி வைப்பேன். அடுத்த முறை அது போய் வேறு பை இருக்கும்.

இரண்டாவதோ மூன்றாவதோ பை வந்தபோதுதான் அந்த எறும்பைப் பார்த்தேன். எங்கள் தீவில் நான் பிறந்ததிலிருந்து பார்க்காத எறும்பு. மஞ்சளும் இல்லாத பழுப்பும் இல்லாத நிறம், உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால்கள், நேராக நடக்கத் தெரியாத ஓட்டம். நெட்டைக்காலி என்று பேர் வைத்தேன். பையை உதறினால் அதன் மடிப்பிலிருந்து பத்து இருபது விழும். வெல்லத்தை மோந்துகொண்டு மரத்திலிருந்து பைக்குள் போயிருக்கிறது சனியன் என்று அவற்றைக் காலால் தேய்த்தேன். தேய்த்ததில் தப்பினது வேருக்கடியில் புகுந்தது.

ஒரு மாதத்தில் கட்டெறும்பைக் காணோம். சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது, அப்படியே காலி செய்துகொண்டு போய்விட்டன. அப்புறம் கயிற்றுத் தழும்பு வரை நெட்டைக்காலி. அங்கேதான் முசுறு நின்றது.

அடேயப்பா, அது சண்டை. காலையில் வெயில் மரத்தில் பட்டதும் ஆரம்பிக்கும். நெட்டைக்காலி ஒன்று தழும்பைத் தாண்டினால் முசுறு ஒன்று அதன் காலைக் கவ்வும். கவ்வினதும் நகராது, அப்படியே பிடித்துக்கொள்ளும். இன்னொன்று வந்து எதிர்ப்பக்கத்துக் காலைப் பிடிக்கும். மூன்றாவது கொம்பை. நாலு பேர் நாலு பக்கமும் இழுத்து, அதைக் கருவாடு காயப்போடுவதுபோல விரித்து வைத்துவிடும். நெட்டைக்காலிக்குக் கடிக்கத் தெரியாது. ஆனால் வயிற்றை வளைத்து எதையோ பீய்ச்சும். பட்ட முசுறு மூஞ்சியைத் தேய்த்துக்கொண்டே சுருண்டு கீழே விழும். பத்து மணிக்கெல்லாம் மரத்தடியில் இரண்டு ஜாதிப் பிணமும் கலந்து கிடக்கும். காற்று வந்து அள்ளிக்கொண்டு போகும்.

நான் முசுறு பக்கம். என் மரத்தில் முன்னாலிருந்து இருந்தது அதுதானே. வந்தேறிகளுக்கு நியாயம் பேச நான் என்ன என் வீட்டுக்காரரா? பையில் வருகிற கருவாட்டின் தலையைக் கிள்ளி, பை மாட்டும் அந்த முளைக்கிளையிலேயே வைப்பேன். முசுறு அங்கே கூட்டமாகக் கூடும். தின்று தெம்பாகட்டும், சண்டைக்கு ஆகும் என்று. அந்தக் கிளையில் எந்நேரமும் முசுறு மொய்த்தது. பையைக் கழற்றும்போது எனக்கே நாலு கடி விழும். பழகிவிட்டது.

அப்படியும் தோற்றுக்கொண்டே வந்தது. தழும்பிலிருந்து ஒரு சாண் மேலே, அப்புறம் முதல் கவட்டை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தெய்வநாயகி வீட்டுப் புங்க மரத்திலும் முசுறுக் கூடு உண்டு. ஏழெட்டுக் கூடு. அதே நிறம், அதே ஜாதி. தாயாதி பங்காளிதானே, உதவிக்கு வராதா? ஒரு பழைய வலைக்கயிறை எடுத்து, தட்டிக்கு மேலாக அவள் புங்கையிலிருந்து எங்கள் பூவரசுக்கு இழுத்துக் கட்டினேன். அரை மணியில் புங்கை முசுறு கயிற்றில் ஏறி வரிசையாக வந்தது. எனக்குக் கைதட்டாத குறை.

வந்ததும் வராததுமாக என்ன செய்தது தெரியுமா? எங்கள் முசுறின் காலைக் கவ்வியது. நெட்டைக்காலியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முசுறு முசுறை இழுத்துக் கிழித்தது. ஒரே நிறமானதால் எது எங்களுடையது எது அவர்களுடையது என்று எனக்கே தெரியவில்லை. அவற்றுக்குத் தெரிந்திருந்தது. கீழேயிருந்து நெட்டைக்காலி சாவகாசமாக இன்னொரு சாண் ஏறியது. அதிலும் ஒன்று கவனித்தேன். நெட்டைக்காலிகளுக்கு வேருக்கடியில் மூன்று பொந்து. ஒரு பொந்துக்காரி இன்னொரு பொந்துக்காரியோடு சண்டை போட்டதே இல்லை.

தெய்வநாயகி கயிற்றைப் பார்த்துவிட்டாள். தன் கோழியைப் பார்த்துக் கத்தினாள். “ஏ கோழி, எவ அவ என் மரத்துல கயிறு கட்டுனது? ஊரு என்னியும் சேத்து ஒதுக்கணும்னு பாக்கறாளா? அறுத்துப் போட்டுடுவேன், ஆமா.” அரிவாளைக் கொண்டுவந்து அறுத்தும் போட்டாள். ஊருக்குக் கேட்கட்டும் என்று கத்துகிறாள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இப்படியே மார்கழி முடிந்து தை வந்தது. இரண்டாவது சீட்டுக்கு ஒரு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரர் வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்து, தருமலிங்கம் வந்தார். வலை காயப்போடுகிற கம்பத்துக்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஏ கம்பமே, கேட்டுக்க. தனசேகரு பேரு ஏற்கெனவே ஒரு தபா தவறிடுச்சி. இந்தத் தபாவும் தவறினா ஊரு நோட்டுல அந்த வூடே கெடையாது. என் தம்பி மவன் கண்ணு போன கேஸு, அடிச்சவன் யாருன்னு தெரியாம அப்படியே நின்னுனு கீது. அடிச்சவன் அஜித்குமாருதான், நான் கண்ணால பாத்தேன்னு ஒரு ஆளு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தா, ஊரு பழசெல்லாம் மறந்துரும். சீட்டுல பேரு வந்துரும். நான் பொறுப்பு.”

நான் சும்மா இருப்பேனா? அவர் கழற்றி விட்ட செருப்பைப் பார்த்து, “ஏ செருப்பே, அடிச்சது யாருன்னு உங்க வூட்டாண்டயே கேட்டுப் பாரு, தெரியும்” என்றேன். அவர் முகம் கறுத்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

விஷயம் இதுதான். அந்தக் கழியை வீசினவன் தருமலிங்கத்தின் மூத்த மகன் மாணிக்கம். அக்கரைக்காரனை அடிக்க ஓங்கின கழி, பின்னால் நின்ற சித்தப்பா மகன் கண்ணில் குத்தியது. என் வீட்டுக்காரர் பார்த்தார். முதல் வாரத்திலேயே என்னிடம் சொன்னார், வேறு யாரிடமும் சொல்லவில்லை. தருமலிங்கத்துக்கும் தெரியாமலா இருக்கும்?

ஆனாலும் அவர் போன பிறகு எனக்கு அந்த ஒரு சொல்தான் காதில் நின்றது. சீட்டுல பேரு வந்துரும்.

“இன்னாய்யா சொல்ற?” என்றேன்.

“அவன் அடிக்கல வளரு. அந்நேரம் அவன் தண்ணிக்குள்ள கெடந்தான்.”

“எனக்குத் தெரியாதா? இன்னா செய்யலாம்னு கேக்கறேன்.”

“பொய்யா எழுதிக் குடுத்து, நான் தூக்கி வுட்டவனையே புடிச்சி உள்ள தள்ளச் சொல்றியா?”

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அதுவே எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. ஒரு வாரம் விடாமல் பிடித்துக்கொண்டேன். சோறு போடும்போது, மூட்டை தூக்கின தோளுக்கு எண்ணெய் தேய்க்கும்போது, அவர் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது. அடுத்த ஞாயிறு, புதுசாக ஒரு பை மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவரை இழுத்துக்கொண்டு போய் அதற்கு முன்னால் நிறுத்தினேன்.

“இத பாருய்யா. பதினாறு மாசம் ஆவப்போவுது. உசுர மீட்டுக் குடுத்தியே, அந்த அஜித்குமாரு ஒரு நாளு வந்து எட்டிப் பாத்தானா? செத்தியா பொழச்சியான்னு ஒரு சொல்லு அனுப்பிச்சானா? அவன் உனக்கு மாமனா மச்சானா? இதோ, உங்க அக்கா. ஊரு கட்டுப்பாட்டுக்கும் பயந்துகினு, தம்பி பட்டினி கெடக்கக் கூடாதுன்னு வாயக் கட்டி வயித்தக் கட்டிக் கொண்ணாந்து மாட்டிட்டுப் போவுது. ரத்தம்யா அது. உன் ரத்தம் இங்க கீது. நீ எவனோ ஒருத்தனுக்கோசரம் பெத்த புள்ள பேர அடிக்கிற.”

அவர் பையையே வெகுநேரம் பார்த்தார். “அக்காதானா?” என்றார்.

“பின்ன யாரு, கடலம்மாவா வந்து மாட்டிட்டுப் போறா?”

பையைத் தொட்டுப் பார்த்தார். முசுறு அவர் கையைக் கடித்தது. உதறிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, தருமலிங்கம் வீட்டுப் பக்கம் நடந்தார்.

எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் அஜித்குமாரைப் பழவேற்காட்டுப் படகுத்துறையில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். மாசிப் பௌர்ணமிக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் கோயில் வாசலில் ஊரார் காலில் விழுந்தார். விழுந்து எழுந்தவர் நெற்றியில் ஒட்டின மணலைத் துடைக்கவே இல்லை. மறுநாள் சீட்டில் ஏழாவதாக எங்கள் பேர் வந்தது. நல்ல பாடு, எல்லைக் கழிக்குப் பக்கத்தில். வினோத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவன் அந்தப் பக்கம் சந்தோஷத்தில் கூவினான்.

ஊர்ப் பெண்கள் அன்றே வந்தார்கள். வாங்க வாங்க என்றேன். பதினாறு மாதப் பேச்சையும் ஒரே நாளில் பேசித் தீர்த்துவிடுகிறவர்கள்போல ஆளுக்கு ஆள் பேசினார்கள். தெய்வநாயகியும் வந்தாள். எல்லோரும் போன பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணி, நீ மட்டும் அந்தப் பைய மாட்டாம இருந்திருந்தா நாங்க என்னா ஆயிருப்போமோ.”

“இன்னா பை?”

“இனிமே இன்னாத்துக்கு மறைக்கிற? பூவரச மரத்துல.”

அவள் கையை உருவிக்கொண்டாள். முகத்தில் பயம் தெரிந்தது. “ஏண்டி, நான் பை மாட்டுனேன்னு எவகிட்டயாவது சொல்லி வெச்சியா? ஊரு கட்டுப்பாட்ட நான் இன்னாத்துக்குடி மீறப் போறேன்? என் வூட்டுலயும் ஆம்பிளைக்குப் பாடு கீதுல்ல? நீ கயிறு கட்டுனப்பவே நான் அறுத்துப் போட்டவ. வேற எவளாவது மாட்டியிருப்பா, போய்க் கேளு.”

பொய் சொல்கிறவள் முகம் எனக்குத் தெரியும். அது பொய் இல்லை. அன்றைக்குத்தான் இன்னொன்றும் உறைத்தது. அஜித்குமாரைப் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து பை வரவில்லை. காலிப் பை மட்டும் கிளையில் ஆடிக்கொண்டிருந்தது. ஒதுக்கியதுதான் நீங்கிவிட்டதே, இனி எதற்கு என்று விட்டிருப்பார்கள் என எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பிடித்துக்கொண்டு போனது ஒதுக்கியது நீங்குவதற்குப் பத்து நாள் முன்னால். அந்தக் கணக்கு உதைத்தது. அதற்கு மேல் யோசிக்காமல் விட்டேன்.

எங்கள் பாடு வந்த முதல் நாளில் மடவையும் இறாலுமாக நல்ல மீன். அதைக் கூடையில் போட்டுக்கொண்டு ஊர்ப் படகில் ஏறிப் பழவேற்காடு போனேன். பதினாறு மாதத்துக்குப் பிறகு ஜலீல் பாயின் மீன் கொட்டகைக்குள் நுழைந்தபோது, மீன் வாடை அவ்வளவு நன்றாக இருந்தது. பாய் வா வா தங்கச்சி என்று எழுந்து நின்றார்.

கொட்டகையின் ஒரு மூலையில் நாலைந்து பெட்டிகளை மட்டும் தனியாக, செங்கல் மேல் வைத்து, செங்கல்லைச் சுற்றித் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். “இன்னா பாய் அது, அந்தப் பொட்டிக்கு மட்டும் அகழி வெட்டி வெச்சிருக்கீங்க?” என்று கேட்டேன்.

“அத ஏன் கேக்கற. அக்கரைப் பொட்டிமா அது. வெள்ளத்துக்கு அப்புறம் யாரோ அவங்களுக்குத் தென்னங்கன்னு கொண்ணாந்து குடுத்தாங்க. அந்த மண்ணோட ஒரு எறும்பு வந்துச்சி. இப்ப அந்த ஊரு பூரா அதான். துணி மடிப்பு, பை மூலை, எங்க பாத்தாலும் கூடு. அவங்க ஊரு பை ஒண்ணு வந்தா போதும், வந்த எடத்துல குடித்தனம் பண்ணிடுது. அக்கரை எறும்புன்னே பேரு வெச்சிட்டாங்க.”

கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். பெட்டி விளிம்பில், தண்ணீரைத் தாண்ட வழி தெரியாமல், நீளக் கால்களை எடுத்துப் போட்டு அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தது. நெட்டைக்காலி.

ஒரு வருஷம் பார்த்தேனே. எத்தனை மணிக்குச் சண்டை ஆரம்பிக்கும், எந்தக் காலை முதலில் பிடிக்கும், எத்தனை பொந்து, எல்லாம் பார்த்தேனே. எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் கேட்டேனா? மரத்திலிருந்து பைக்குப் போகிறது என்று நினைத்தேன். பையிலிருந்து மரத்துக்கு வந்திருக்கிறது.

“இது யாரு பொட்டி பாய்?”

“அதோ, அந்தப் பொண்ணுது. அம்பிகா. புருஷன் உள்ள கீறான், பாவம், அவளே எறாலு தடவி விக்குது. அஜித்குமாருன்னு, உனக்குத் தெரிஞ்சிருக்குமே.” சொல்லிவிட்டுத்தான் பாய்க்கு நான் யார் பெண்டாட்டி என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நோட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள், ஒட்டின வயிறு. இரண்டு கையிலும் மணிக்கட்டு முதல் முழங்கை வரை சின்னச் சின்னக் கறுப்புத் தழும்பு. கடித்து, வீங்கி, சொறிந்து ஆறின தழும்பு. அந்தத் தழும்பு என் கையிலும் உண்டு.

என்னை யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தராசைப் பார்த்துச் சொன்னாள்.

“ஏ தராசே, பூவரச மரத்து முசுறு கடிச்சா ரெண்டு நாளைக்குக் கை வீங்கிப் போயிடும். எறால் தடவ முடியாது. பை மாட்டற கெளையிலயாவது முசுற ஒதுக்கி வெச்சிருக்கலாம்.”

பிறகு தன் பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்தாள். நான் கூடையை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து மரத்தடியில் உட்கார்ந்தேன். முசுறுக் கூடெல்லாம் இலை காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. உச்சிவரை நெட்டைக்காலிதான். பை மாட்டும் கிளையில் கடிக்க இப்போது ஒன்றும் இல்லை. வீட்டுக்காரரை ஸ்டேஷனுக்குப் போய் உண்மையைச் சொல்லச் சொல்லலாம். சொன்னால் மறுபடி கம்பத்தோடும் கோழியோடும் பேச்சு. பேர் போகும், வினோத் இரும்புத் தூளிலேயே கிடப்பான். இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். நல்லவள்போல நடிக்க எனக்கு வராது.

சாயங்காலம் வீட்டுக்காரர் ஏரியிலிருந்து வந்தார். முகம் தெளிந்திருந்தது. தோணியிலிருந்து இரண்டு மடவையைத் தனியாக எடுத்து என்னிடம் நீட்டினார். கையகலம், உள்ளதிலேயே பெரியது.

“அக்காவுக்குக் குடுத்துட்டு வா” என்றார். “அவ பை மாட்டாம இருந்திருந்தா நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன் வளரு.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மீனை வாங்கிக்கொண்டு தட்டியைச் சுற்றிப் போனேன்.

“இன்னாத்துக்குடி?” என்று கேட்டாள் தெய்வநாயகி.

“உன் தம்பி குடுக்கச் சொன்னாரு.”

அவள் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். நல்ல சிவப்பு. “புதுசாதான் கீது” என்று வாங்கிக்கொண்டாள்.